சோயா வரிசையில் ஒரு கறுப்புக் கயிறு

இந்த ஊரில் கோடைக் காலத்தில் விளக்கு வைப்பது பெரிய பாடு. நம் ஆம்பூரில் பொழுது சாய்ந்ததும் முகம் கழுவி, வாசல் தெளித்து, விளக்கை ஏற்றிவிட்டால் அன்றைய நாள் ஒரு முடிவுக்கு வந்துவிடும். இங்கே கனடாவில், மனிடோபாவில், நான் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பொழுது சாயவே மாட்டேன் என்கிறது. சோறு ஆயிற்று, பாத்திரம் தேய்த்தாயிற்று, பேத்தியைத் தூங்க வைத்தாயிற்று, என் மகன் பாபு சோபாவிலேயே வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுகிறான். சூரியன் மட்டும் எதிர்வீட்டுக் கூரைமேல், இப்போதுதான் வேலைக்கு வந்த ஆள் மாதிரி, சட்டை கசங்காமல் நிற்கிறது. வந்த புதிதில் நான் ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்துவிட்டு, நானே ஒரு சாயங்காலத்தை உண்டாக்கி விளக்கு ஏற்றினேன். சாமியை ஏமாற்றுகிறீர்களா என்று மருமகள் தமிழரசி கேட்டாள். சாமியும் என்னோடு ஆம்பூரிலிருந்து பெட்டியில் வந்ததுதான், அதற்கும் தூக்கம் வருமில்லையா என்றேன்.

அன்றைக்குத்தான் அவள் தன் வேலையை எனக்குப் புரிகிற மாதிரி முதல்முதலாகச் சொன்னாள். "உங்கள மாதிரிதான் அத்தை சோயாவும். இருட்டு எவ்ளோ நேரம் இருக்குதுன்னு பார்த்துதான் பூ வெக்கும். இங்க கோடைல இருட்டு கம்மி. அது பாட்டுக்கு இலை விட்டுக்கினே நிக்கும். அப்புறம் நிதானமா பூத்து காய் முத்தறதுக்குள்ள உறைபனி வந்து கருக்கிட்டுப் போய்டும்." அப்படியென்றால் இருட்டைப் பார்க்காமல், வந்தோமா பூத்தோமா காய்த்தோமா என்று போகிற ஒரு செடியை உண்டாக்குவதுதான் அவள் வேலை. எங்கள் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஆயுசு முழுக்க அப்படி ஒரு ஆளைத் தேடித்தான் அலைந்தான். நாங்களெல்லாம் சங்கு எப்போது ஊதும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டம். சங்கைக் கவனிக்காமல் வேலையை முடிக்கிறவள் லைனுக்கு ஒருத்தி கிடைத்தால் ஜாஸ்தி. சோயாவில் அந்த ஒருத்தியைக் கண்டுபிடிக்கத்தான் இவளுக்குச் சம்பளம் கொடுத்துக் கனடாவில் வைத்திருக்கிறார்கள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைவிட வெளிப்பக்கத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று கால் வீங்கினவள். தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றத்தில் பிறந்து அதிலேயே பிள்ளை பெற்றதால், இங்கே வந்து இறங்கியபோது காற்றில் ஒரு வாசனையும் இல்லாமல் மூக்குக்கு வேலை போய்விட்டது. அதைவிடப் பெரிய குறை, மலை இல்லை. ஆம்பூரில் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு மலை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே தரை, தட்டில் பரப்பிய மாவு மாதிரி கிடக்கிறது. தமிழரசி ஆலங்காயத்துப் பெண், காட்டு ஓரம். பாபு இஞ்சினீரிங் படித்துவிட்டு ஒரு பயிர் படித்த பெண்ணைக் காட்டினான். நம் வீட்டில் தொட்டியில் துளசிகூடத் தங்காது, இவள் வந்து என்ன பயிர் பார்க்கப் போகிறாள் என்று அப்போது சிரித்தேன். இப்போது அவள் இழுத்த இழுப்புக்குத்தான் நானும் பாபுவும் வந்து கிடக்கிறோம், பேத்தியோடு சேர்த்தால் மூன்று.

ஆலங்காயத்தில் அவள் அப்பாவுடையது வானம் பார்த்த கொல்லை. ஆடியில் வேர்க்கடலை போட்டுவிட்டு மேகத்தை அண்ணாந்து பார்த்தே சம்பந்திக்குக் கழுத்து அப்படி நின்றுபோயிருந்தது. பெண் பார்க்கப் போன அன்றும் அவர் எங்களைப் பார்க்கவில்லை, எங்கள் தலைக்கு மேலே பார்த்துத்தான் பேசினார். பாலாற்றைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த எங்களுக்கும் அது மணல்தான், வெள்ளம் வந்த வருஷம் மட்டும் ஆறு. நமக்கு வெயில் எப்போதும் இருக்கிறது, தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். இங்கே தண்ணீர் இருக்கிறது, மண் கறேல் என்று எண்ணெய் தடவின மாதிரி இருக்கிறது, வெயில் மட்டும் விருந்தாளி. மே மாதம் மண்ணில் சூடு ஏறும்வரை விதைக்க முடியாது. செப்டம்பரில் என்றைக்கு உறைபனி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் இருக்கிற கொஞ்ச நாளில் பிறந்து வளர்ந்து பெற்றுப் பெருகிச் செத்தும் போக வேண்டும். அவசரமான பிழைப்பு.

உறைபனி முன்னதாகவே விழுகிற வடக்குப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு சோயா வேண்டும் என்பதுதான் தமிழரசியின் கணக்கு. சீக்கிரம் முற்றுகிற ஜாதி ஒன்று இருக்கிறது, ஆனால் காய் ஏதோ பேருக்கு. கொட்டிக் காய்க்கிற ஜாதி ஒன்று இருக்கிறது, ஆனால் முற்றுவதற்குள் பனி வந்துவிடும். அவசரக்காரனையும் நிறைய பெறுகிறவளையும் சேர்த்து வைக்கிறாள். சோயாப் பூவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவரைப் பூவுக்குத் தங்கச்சி, ஆனால் அதில் கால்வாசிகூட இல்லை. வயலில் குட்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரியாத மொட்டை இடுக்கியால் பிரித்து, அடுத்த செடியின் மகரந்தத்தை அதற்குள் தடவுவாள். பாதிக்கு மேல் உதிர்ந்துபோகும். பிடித்ததில் வருகிற பிள்ளைகள் ஒன்று அப்பன் மாதிரி, ஒன்று ஆத்தா மாதிரி, ஒன்று யார் மாதிரியும் இல்லாமல் இருக்கும். அதில் நல்லதைப் பொறுக்கி, அதன் விதையைத் தனியாக ஒரு வரிசை போட்டு, அதில் மறுபடி பொறுக்கி, இப்படியே வருஷங்கள் போகின்றன.

இதை நான் போனில் நசீமாவுக்குச் சொன்னேன். நசீமா ஆம்பூரில் எங்கள் பக்கத்து வீடு, மேல்விஷாரத்திலிருந்து வாழ வந்தவள். என்னோடு அதே செக்கிங் டேபிளில் எதிரெதிரே நின்றவள். அவளுக்கு ஒரே சிரிப்பு. "இன்னாக்கா, உன் மருமவ பயிறுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெக்கிறாளாமே. நம்ம தெருவுல எத்தினி புள்ளைங்க வயசு ஏறி நிக்கிது, அவள இங்க வரச் சொல்லு" என்றாள். நான் அதைத் தமிழரசியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவளுடைய பெரிய அதிகாரி அம்மா, இந்த வருஷமும் பனிக்கு முன்னால் முற்றுகிற மாதிரி நம்பிக்கையான ஒரு வரிசைகூடக் கிடைக்கவில்லை என்றால் வடக்குச் சோயா வேலையை மூடிவிட்டு அந்த நிலத்தைப் பட்டாணிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாராம். வேலை போனால் வேறு மாகாணம், வேறு வீடு. அதைவிட, அவள் இத்தனை வருஷம் குனிந்து குனிந்து சேர்த்த விதையெல்லாம் யாருக்கும் வேண்டாத உறைகளாக ஒரு குளிர் அறையில் தூங்கும். நான் அப்புறம் கல்யாண ஜோக்கை நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நாளைக்கு.

அந்தக் கோடையில் ஒரு வரிசை மட்டும் தனியாகத் தெரிந்தது. நானும் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் வயலுக்குப் போவேன். நான் வேலை செய்ய அல்ல, வேலை செய்கிறவர்களைப் பார்க்க. ஆகஸ்ட்டில் மற்ற வரிசைகளெல்லாம் இலையும் பூவுமாகக் கொழுத்து நிற்க, இதில் காய் கொத்துக் கொத்தாய்த் தொங்கிற்று. தமிழரசி அதன் பக்கத்தில் போகும்போது மெதுவாக நடப்பாள், பார்க்காத மாதிரி தாண்டிப் போவாள். பெண் பிள்ளை நன்றாக வளர்ந்திருந்தால் நம் ஊரில் ஆத்தாக்காரி அப்படித்தான் நடப்பாள், எனக்குத் தெரியாதா.

கண்ணேறு விஷயத்தில் எங்கள் வீட்டில் நான்தான் பிரசித்தி. பேத்தி பிறந்த உடனே கன்னத்தில் மைப்பொட்டு வைத்தேன், கணுக்காலில் ஆம்பூரிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கயிற்றைக் கட்டினேன். ஊசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா குழந்தையின் கன்னத்தில் அழுக்கு என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். நான் மறுபடி வைத்தேன். அவள் மறுபடி துடைத்தாள். மூன்றாம் தடவை வைத்தபோது அவள் என் விரலைப் பிடித்துப் பார்த்து, என் விரலைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தமிழரசி எனக்குப் பாடம் எடுத்தாள். கண்ணிலிருந்து ஒன்றும் புறப்பட்டு வந்து யாரையும் தொடாது என்றாள். அப்படியென்றால் நீ பார்த்தால் மட்டும் பாபு எப்படிப் பயப்படுகிறான் என்று கேட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் வயலைப் பார்க்க விவசாயிகள் வந்தார்கள். வருஷத்துக்கு ஒருநாள் அப்படி வரவிடுவார்களாம். தொப்பி போட்ட பெரிய பெரிய ஆட்கள் அந்த வரிசை முன்னால் நின்று ப்யூட்டிஃபுல், ப்யூட்டிஃபுல் என்றார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் போட்டோ எடுத்தார்கள். ஒருவர் காயைப் பறித்து நசுக்கிக்கூடப் பார்த்தார். எனக்கே சுரீர் என்றது. ஆனால் இவள் படிப்பாளி, நாம் சொன்னால் சிரிப்பாள் என்று வாயை மூடிக்கொண்டேன். தமிழரசியும் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு சிரித்தமுகமாகத்தான் நின்றாள்.

செப்டம்பரில் பேத்திக்குக் காய்ச்சல் வந்தது. தமிழரசி ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் விட்டதும் குழந்தையையும் என்னையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வயலுக்கு ஓடினாள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த வரிசை இருந்த இடத்தில் தரையோடு தரையாக அடிக்கட்டைகள் இருந்தன. இரண்டு பக்கமும் பச்சை வரிசைகள் நிற்க, நடுவில் பல் விழுந்த மாதிரி ஒரு சந்து.

கார்ல் என்று ஒருவர் அவளுக்குக் கீழே வயல் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷன், சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்ய மாட்டார். அங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. வேண்டாம் என்று கழித்த வரிசையின் தலைமாட்டுக் குச்சியில் கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். அறுவடையில் நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்று கார்ல் அதையெல்லாம் முன்னாலேயே அறுத்து வயல் ஓரத்தில் குவித்துவிடுவார். கார்ல் குச்சியைக் காட்டினார். அதன் அடியில், மண்ணை ஒட்டி, ஒரு கறுப்புக் கயிறு. டேப் தீர்ந்துபோய்க் கயிற்றைக் கட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றார். நல்ல வரிசையாயிற்றே என்று அவருக்கும் தோன்றியதாம். டாக்டருக்கு, அங்கே தமிழரசியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், ஏதாவது காரணம் இருக்கும் என்று அறுத்துவிட்டாராம்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கம்பெனியில் தையலில் குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டி அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வேலை. ஒருநாள் நசீமாவின் முந்தானையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஒன்று அவளுக்கே தெரியாமல் ஒரு நல்ல ஷூவில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த ஷூ சூப்பர்வைசர் கை மாறி, மானேஜர் கை மாறி, கழிசல் பெட்டிக்கே போய்விட்டது. அத்தனை பேரும் ஸ்டிக்கரைப் பார்த்தார்கள். அம்பு எதைக் காட்டுகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அடையாளம் வைத்து வேலை செய்கிற இடத்தில் அப்படித்தான் செய்ய முடியும். ஒவ்வொருத்தரும் யோசிக்க ஆரம்பித்தால் லைன் நின்றுவிடும்.

அந்தக் கயிறு எனக்குத் தெரிந்த கயிறு. ஆம்பூரில் கோயில் வாசலில் நான் வாங்கி வந்த அதே முறுக்கு, பேத்தியின் காலில் இருக்கிற அதே கயிறு. ஆனால் நான் கட்டவில்லை. தமிழரசியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணிலிருந்து ஒன்றும் புறப்பட்டு வராது என்று எனக்குப் பாடம் எடுத்தவள், கூட்டம் போன பிறகு குனிந்து உட்கார்ந்து அந்தக் குச்சியின் காலில் கயிற்றைக் கட்டியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து அதிகாரி அம்மாவும் வந்து சேர்ந்தார். கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டார். தமிழரசி வாயைத் திறந்தாள்.

நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தினேன். "மை கயிறு. ஐ டை. பேட் ஐ. ப்ளான்ட் பேபி. நோ பேட் ஐ." சொல்லிவிட்டுப் பேத்தியின் காலைத் தூக்கிக் காட்டினேன், சாட்சிக்கு. அதிகாரி அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. தமிழரசியைப் பார்த்து ஏதோ கேட்டார், தமிழரசி தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அந்த அம்மா என்னை ஒரு தடவை முறைத்துவிட்டு, அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனிமேல் இந்த அம்மா வயலுக்குள் வரக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கார்லுக்கு முழுசும் வேறு மாதிரி புரிந்தது. எனக்குக் கண் பார்வை சரியில்லை, அதனால்தான் தெரியாமல் எதையோ எதிலோ கட்டிவிட்டேன் என்று. அன்றிலிருந்து அவர் என்னை எங்கே பார்த்தாலும் முழங்கையைப் பிடித்து மேடு பள்ளம் காட்டிக் கூட்டிக்கொண்டு போகிறார். எனக்குத் தூரத்தில் போகிற பஸ்ஸின் நம்பர் தெரியும். அதைச் சொல்லி ஒரு நல்ல மனுஷனின் மனசைக் கெடுப்பானேன்.

அவர்கள் போனதும் தமிழரசி காரில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "எதுக்கு அத்தை உங்க மேல போட்டுக்கினீங்க?"

"கெழவி கட்டனா சிரிப்பாங்க. நீ கட்டனன்னு தெரிஞ்சா உன் படிப்பையே திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. எனக்கு இன்னா போச்சி, என் வேலையையா புடுங்கப் போறாங்க?"

அவள் குனிந்து குழந்தையின் காலில் இருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "எங்கப்பா கொல்லையில சுண்ணாம்புப் புள்ளி வெச்ச பானை கவுத்து வெச்சிருப்பாரு. நான் காலேஜ் போய்ட்டு வந்து அத எடுத்து ஒடைச்சேன் அத்தை. அன்னிக்கு அவங்க எல்லாம் நின்னு போட்டோ எடுக்கறப்ப எனக்கு அந்தப் பானைதான் ஞாபகம் வந்துச்சி. இலை அடர்த்தியா இருக்குது, அடியில கட்டனா யாருக்குத் தெரியும்னு கட்டிட்டேன்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சது?"

"இலை உதிர்ந்துடுச்சே. முத்தனா இலை உதிரும். அது சீக்கிரம் உதிரணும்னுதான் இத்தினி வருஷம் பாடுபட்டேன். உதிர்ந்தா கயிறு தெரியும்னு மட்டும் தோணல."

சொல்லி முடித்ததும் அவளே நிமிர்ந்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். இலை உதிர்ந்துவிட்டது என்றால், கார்ல் அறுப்பதற்கு முன்பே செடி தன் வேலையை முடித்திருக்க வேண்டும். அவள் வயல் ஓரத்துக் குவியலைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள். வயலுக்குள் வரக் கூடாது என்றுதானே சொன்னார்கள், ஓரத்துக்கு வரலாம் என்று நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

குவியலில் கழித்த வரிசைகள் எல்லாம் கலந்து கிடந்தன. நடுவில் ஒரு மழை வேறு பெய்திருந்தது. ஆனால் தேடுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை, கண் தெரியாத கிழவிகூடச் செய்யலாம். மற்ற செடியெல்லாம் இலையோடு பச்சையாக வதங்கிக் கிடக்க, இது மட்டும் மொட்டையாக, காய்ந்து, காப்பிப்பொடி நிறத்தில் காயோடு. சந்தேகம் வந்தால் காயின் மேல் இருக்கிற முடியைப் பாருங்கள், இதற்கு மட்டும் நரைத்திருக்கும் என்று தமிழரசி சொன்னாள். நம்ம ஜாதி என்றேன். ஒரு காயைப் பறித்துக் காதருகில் ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுத்தது. எல்லாக் காயும் கிலுகிலுக்கவில்லை. குவியலின் அடியில் மழைத் தண்ணீர் தேங்கி, எடுத்ததில் பாதி பூசணம் பிடித்து வழவழத்தது. அவள் தள்ளி வைத்த ஒவ்வொரு அழுகல் செடியையும் நான் இன்னொரு தடவை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். பேத்தி மட்டும் ஒரு செடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள்.

உறைபனி அந்த வாரக் கடைசியிலேயே விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது நின்றிருந்த பச்சை வரிசைகளெல்லாம் வெந்நீர் ஊற்றின கீரை மாதிரி தொங்கின. அவற்றின் காயைப் பிரித்தால் விதை பச்சையாக, தண்ணீர் கோத்து இருந்தது. எல்லாம் போயிற்று. மீதி இருந்தது நாங்கள் குவியலிலிருந்து பொறுக்கிய ஒரு பை மட்டும். அது முளைக்குமா என்பதுதான் கேள்வி. தமிழரசி அதில் கொஞ்சத்தை எடுத்து ஈரக் காகிதத்தில் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி, ஒரு டப்பாவில் நிறுத்தி வைத்தாள். அடிக்கடி பிரித்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும், யாரும் தொடக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் தொடவில்லை. ஓரத்தை மட்டும் லேசாக நீக்கிப் பார்த்தேன். அவள் வந்து கேட்டபோது, நான் எதையும் பார்க்கவில்லை, ஆனால் நீ கொஞ்சம் சீக்கிரம் பிரித்தால் நல்லது என்றேன்.

பிரித்தாள். சில விதைகள் பழுப்பாக நசுங்கிக் கிடந்தன. மற்றதெல்லாம் தோலைப் பிளந்துகொண்டு வெள்ளை வேர் விட்டிருந்தது, கொக்கி மாதிரி வளைந்து. அவள் ஒவ்வொன்றாக இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தாள். வேர் விட்ட பக்கம் குவிந்துகொண்டே போயிற்று. அதிகாரி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியபோது அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தாராம். பனிக்கு முன்னாலேயே அறுத்தும் முளைக்கிறது என்றால் இது முற்றின விதைதான், பனி வைக்க வேண்டிய பரீட்சையை உன் மாமியாரே முந்தி வைத்துவிட்டார் என்று சிரித்தாராம். நிலத்தை இப்போதைக்குப் பட்டாணிக்குக் கொடுக்கவில்லை. தமிழரசி உடனே என்னை எச்சரித்தாள், இது ஒரு வரிசை, ஒரு வருஷம், இன்னும் பல ஊரில் பல வருஷம் போட்டுப் பார்த்தால்தான் ஜாதி என்று பெயர் வைக்க முடியும் என்று. சரி என்றேன். பரீட்சை எழுதவே கூப்பிட்டார்கள் என்றால் அதுவே பெரிய விஷயம்தானே, என்னையெல்லாம் அதற்குக்கூடக் கூப்பிட்டதில்லை. இதெல்லாம் ஊர் அறிய எழுதுகிறாயே, மருமகளின் குட்டு வெளிப்படாதா என்று கேட்பீர்கள். அதிகாரி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. தமிழரசியும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

இங்கே பனிக்காலம் வந்ததும் அந்த விதையில் பாதியைக் குளிர் அறையில் வைத்துவிட்டுப் பாதியைச் சிலி நாட்டுக்கு அனுப்பினார்கள். இங்கே குளிராக இருக்கும்போது அங்கே வெயில், அதனால் ஒரே வருஷத்தில் இரண்டு விளைச்சல் எடுத்துவிடலாமாம். எனக்கும் அதே வாரம்தான் ஊருக்கு டிக்கெட். எல்லாம் ஒரே காரில் ஏர்போர்ட்டுக்குப் போனோம். பின் சீட்டில் ஒரு ஓரம் விதைப் பெட்டி, நடுவில் பேத்தி, இந்த ஓரம் நான். அந்த விதையில் ஒரு பொட்டு மண்கூட ஒட்டியிருக்கக் கூடாதாம். அதைத் துடைத்து, சலித்து, ஒரு ஆபீஸில் காட்டி, சுத்தம் என்று எழுதி வாங்கியிருந்தாள். எனக்கும் ஒரு கைப்பிடி கொடு, ஆம்பூரில் வீட்டுக்குப் பின்னால் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டேன். சட்டப்படி கூடாது என்றாள். நான் விடாமல் கேட்டபோது காரணம் சொன்னாள்.

"அங்க போட்டா கணுக்கால் உயரத்துலயே பூத்துடும் அத்தை. நாலு காய் வெச்சிட்டு முடிஞ்சி போய்டும். நம்ம ஊரு சூட்டுக்கு அவசரம் இன்னும் ஏறிடும், அதுக்கு நிக்கத் தெரியாது. அது இந்த ஊருக்குன்னு ஆயிடுச்சி."

ஆம்பூரில் இறங்கியதும் மூக்குக்கு வேலை கிடைத்தது, மலைகளும் வந்து நின்றன. சாயங்காலம் சாயங்காலமாக வந்தது. ஆனால் விளக்கு வைத்த கையோடு எனக்குத் தூக்கம் சொக்கிற்று, எல்லோரும் படுத்த பிறகு கண் திறந்துகொண்டது. நசீமா பார்க்க வந்தாள். வெளியே கிடந்த என் ஷூவைத்தான் முதலில் கையில் எடுத்தாள். செக்கிங் டேபிள் புத்தி போகாது, திருப்பித் திருப்பித் தையலைப் பார்த்தாள். பாபு அந்த ஊர்க் கடையில் வாங்கிக் கொடுத்தது, குவியலைக் கிளறிய அன்று நான் போட்டிருந்தது. "யக்கா, இது நம்ம பக்கத்து வேலை மாதிரி இருக்குது. இங்கேந்து போனத காசு குடுத்து வாங்கி, திரும்ப இங்கயே போட்டுகினு வந்திருக்கிற" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினாள். அடியில் பள்ளம் பள்ளமாக இறுகியிருந்த கறுப்பு மண் பொலபொலவென்று எங்கள் சிவப்புத் தரையில் கொட்டிற்று. அது தமிழரசியின் வயல் மண். பெட்டியில் ஒரு பொட்டுகூடப் போகக் கூடாது என்றார்கள், என் காலடியில் இவ்வளவு வந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை. நசீமா உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் அந்த மண்ணை வீட்டுப் பக்கம் தள்ளுவதா, தெருப் பக்கம் தள்ளுவதா என்று தெரியாமல், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.